ஆன்லைனில் துணி எடுக்கத் தயங்கும் தோழிக்கு

சிம்மக்கல், மதுரை.

அன்புத் தோழி செண்பகத்திற்கு,

நலம், உன் நலனும் வீட்டில் அனைவரின் நலனும் அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. தேன்மொழிக்கு ராய்ப்பூரிலேயே வேலை உறுதியாகிவிட்டதையும், தை மாதத்தில் மருமகளுக்கு வளைகாப்பு வைத்திருப்பதையும் படித்து மனம் நிறைந்தது. வளைகாப்புப் பட்டும், சம்பந்தி வீட்டாருக்கு மதுரைச் சுங்குடியும், தேன்மொழி வேலைக்குப் போட்டுக்கொள்ளக் குர்த்திகளும் எடுக்க வேண்டும், ஊருக்கு வந்துபோக நேரமில்லை, ஆன்லைனில் வாங்கவோ பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். முன்பு வாங்கிய புடவை படத்தில் ஒரு நிறமாகவும் கையில் வேறு நிறமாகவும் இருந்ததையும், குர்த்தி தோளில் ஏறாமல் போனதையும் நீ இன்னும் மறக்கவில்லை என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி, துணியைக் கசக்கிப் பார்த்து, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாம். அந்தக் கைக்கு வேலையில்லாத இடத்தில் தயக்கம் வருவது இயல்பு. ஆனால் இப்போது என் தையல் கடைக்கு வரும் ஆல்ட்டரேஷன் வேலையில் பெரும்பகுதி ஆன்லைனில் வாங்கிய உடுப்புகள்தான். எது பொருந்தி வருகிறது, எது பிசகி வருகிறது என்று அன்றாடம் கண்ணால் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. கடையின் பெயரையோ நட்சத்திரங்களையோ நம்பி வாங்குகிறவர்களைவிட, தன் உடம்பின் அளவையும் தனக்கு வேண்டிய துணியின் தன்மையையும் தெரிந்துகொண்டு, பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறவர்கள்தாம் ஏமாறாமல் இருக்கிறார்கள். கடையில் கை செய்த வேலையை இங்கே டேப்பும் கேள்வியும் செய்ய வேண்டும்.

அளவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளை நம்பாதே. ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியின் எம்மைவிடச் சிறியதாக இருப்பதை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அளவுப் பட்டியலைத் திறந்தவுடன், அதில் தந்திருப்பது உடம்பின் அளவா, தைத்த உடுப்பின் அளவா என்று பார். மார்புச் சுற்று 38 அங்குலம் உள்ளவள், உடுப்பின் அளவே 38 என்று போட்டிருக்கும் குர்த்தியை வாங்கினால் கையைத் தூக்க முடியாது. இழுபடாத காட்டனுக்கும் ரேயானுக்கும் உடம்பைவிட இரண்டு மூன்று அங்குலமாவது தளர்வு வேண்டும். பட்டியலில் இது தெளிவாக இல்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு வாங்கு.

தேன்மொழிக்கு மிகவும் பொருந்தி வரும் ஒரு சுடிதார் டாப்ஸை எடுத்துக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்து வை. ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடி வரை அளந்து, அதை இரட்டிப்பாக்கு. அதுதான் உடுப்பின் மார்பளவு. இதேபோல் தோள் அகலம், இடுப்பு, ஸ்லிட் தொடங்கும் இடத்து அகலம், கை நீளம், மொத்த உயரம் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள். உடம்பின் மேல் டேப்பைச் சுற்றி அளப்பதைவிட இது பிழையில்லாத வழி. மூச்சை இழுத்துப் பிடிப்பதும் டேப் முதுகில் இறங்கிவிடுவதும் இதில் நேராது.

இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடு. ரெடிமேட் உடுப்புகளில் உள்தையலுக்கு விடும் துணி மிகக் குறைவு. பக்கத்தைப் பிடித்துத் தரச் சொன்னால் அரை மணி நேரத்தில் பிடித்துத் தருவேன், பிரித்து விடச் சொன்னால் விடுவதற்கு உள்ளே துணியே இருக்காது. தோளும் கைக்குழியும் இறுக்கமாக இருந்துவிட்டால் எந்தத் தையல்காரராலும் அதைச் சரிசெய்ய முடியாது, ஆகையால் மார்பையும் தோளையும் பார்த்துச் சைஸைத் தேர்ந்துகொள். இடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காட்டன் முதல் சலவையிலேயே சற்றுச் சுருங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள். ரெடிமேட் ஜாக்கெட்டை ஆன்லைனில் வாங்காதே என்பது என் திடமான கருத்து. தைக்காத ஜாக்கெட் பிட்டோடு வரும் புடவையை வாங்கி, அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைத்துக்கொள்வதே நல்லது.

இனி துணி. சில்க் என்ற சொல் ஆன்லைனில் படாத பாடு படுகிறது. ஆர்ட் சில்க் என்று எழுதியிருந்தால் அது செயற்கை இழை. கலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாஃப்ட் சில்க் என்ற பெயரில் அசல் பட்டும் வருகிறது, பாலியஸ்டரும் வருகிறது. தலைப்பைப் படித்துவிட்டு நின்றுவிடாமல், கீழே ‘மெட்டீரியல்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் வரியைப் படி. அங்கே சில்க் பிளெண்ட் என்றிருந்தால் எத்தனை சதவீதம் என்று கேள். வளைகாப்புப் பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்பது அவசியம். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த இந்த முத்திரை, இழை அசல் பட்டு என்பதற்கு உறுதி தரும். ஆனால் அது பட்டுக்கு மட்டுமே உறுதி. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, அது வெறும் செம்புக் கம்பியா, பளபளக்கும் பிளாஸ்டிக் இழையா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதைத் தனியாகக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள். விலை அதிகமுள்ள பட்டை முகம் தெரியாத விற்பனையாளரிடம் வாங்குவதைவிட, 1935 முதல் இருந்துவரும் கோ-ஆப்டெக்ஸின் இணையக் கடையில் முதலில் பார்ப்பது நிம்மதியைத் தரும்.

சுங்குடியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நம் ஊர்ப் பெயரைச் சொல்லி இப்போது எந்த ஊரில் அச்சடித்த துணியையும் விற்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. புவிசார் குறியீடு பெற்ற துணி அது. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளிப் பிடித்து, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாத இடம்தான் புள்ளியாகத் தங்கும். அப்படிச் செய்த புடவையில் இரண்டு புள்ளிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. முடிச்சிட்ட இடத்தில் துணி லேசாகப் புடைத்தும் நிற்கும். மெழுகு அச்சுச் சுங்குடி வேறு வகை. அதுவும் நம் ஊரில் நெடுநாளாகச் செய்வதுதான், விலையும் குறைவு, அன்றாடம் கட்ட அருமையாக இருக்கும். ஸ்க்ரீன் பிரின்ட் போட்டுச் சுங்குடி என்று விற்பது மூன்றாவது வகை. எந்த வகையை வாங்கினாலும் தவறில்லை. வாங்குவது எந்த வகை என்று தெரிந்து, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். எனவே விற்பவரிடம் கைமுடிச்சா, மெழுகா, ஸ்க்ரீனா என்று நேராகவே கேள். புள்ளிகளை நெருக்கத்தில் எடுத்த படத்தையும், புடவையின் பின்பக்கப் படத்தையும் அனுப்பச் சொல். ஸ்க்ரீன் பிரின்ட்டில் பின்பக்கம் வெளிறியிருக்கும், சாயத்தில் முக்கியதில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே நிறமாக இருக்கும். சின்னாளப்பட்டியிலும் இங்கே மதுரையிலும் உள்ள சிறு வியாபாரிகள் பலர் வாட்ஸ்அப்பிலேயே வீடியோ அனுப்புகிறார்கள். கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரை நம்பலாம். ‘ஸ்டாக் முடியப்போகிறது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று அவசரப்படுத்துபவரை விட்டு விலகிவிடு. இல்லாத அவசரத்தை உண்டாக்கி வாங்க வைப்பதை மத்திய அரசு 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே தடுக்கின்றன.

நிறம் மாறியதற்கு வருவோம். ஸ்டுடியோ விளக்கில் எடுத்த படமும் போன் திரையின் பிரகாசமும் சேர்ந்தால் அரக்கு சிவப்பாகிவிடும், மயில்கழுத்து வெறும் பச்சையாகிவிடும். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் எதுவும் போடாமல் எடுத்த சிறு வீடியோ கேட்பது ஒன்றே வழி. பெரிய தளங்களில் அப்படிக் கேட்க முடியாது. அங்கே வாங்கியவர்கள் தம் வீட்டில் எடுத்துப் போட்ட படங்களைப் பார். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியைவிட, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதைப் படி. ‘கைக்குழி இறுக்கம்’, ‘லைனிங் இல்லை, உள்ளே தெரிகிறது’, ‘முதல் சலவையில் சாயம் போனது’ போன்ற உருப்படியான செய்திகள் அங்கேதான் கிடைக்கும்.

பெயர் தெரியாத தளம் என்றால், அதில் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கின்றனவா என்று பார். அந்த எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானதாக இருந்தால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மதுரைக் கடை என்று சொல்லிக்கொண்டு எண் வேறு மாநிலத்தைக் காட்டினால் காரணம் கேள். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ யாராவது சொன்னால், அந்த நொடியே பேச்சை முறித்துக்கொள். பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை. அப்படியும் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிகளுக்கான உதவி எண் 1930ஐ அழை. கேஷ் ஆன் டெலிவரி என்றால் பயமில்லை என்று அண்ணன் சொல்கிறார் என்றாய். ஆனால் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுகிறார்கள், ஆகையால் அதை மட்டுமே நம்பி இருந்துவிடாதே.

பார்சல் வந்தால், பிரிப்பதை முதலிலிருந்து முடிவு வரை வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொல் தேன்மொழியிடம். புடவையை முழுவதும் விரித்து, கறையோ இழை அறுபட்ட இடமோ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார். நீளத்தை அள, புடவை ஐந்தரை மீட்டரும், ஜாக்கெட் பிட் தனியாக ஏறத்தாழ 80 சென்டிமீட்டரும் வழக்கமாக இருக்கும், அரை மீட்டர் குறைந்தாலே கொசுவம் குறைந்துவிடும். பட்டா என்ற ஐயம் இருந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பார்: பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் பொடியாகிவிடும் கரியைத் தரும், பருத்தி காகிதம்போல் எரியும், பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகிவிடும். வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் வரை டேக்கை வெட்டாதே, தண்ணீரில் போடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிடாதே. ஃபால்ஸ் ஏறிய புடவையை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திருப்பி அனுப்புவது பற்றிய சட்டத்தையும் நீ தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், அது உனக்குத் தெம்பு தரும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திருப்பி எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதி வைத்திருந்தாலும், அசல் பட்டு என்று சொல்லிப் பாலியஸ்டரை அனுப்பியவருக்கு அது கேடயமாகாது. உனக்கு நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் மட்டும் அவர்கள் எழுதிவைத்த நிபந்தனைப்படிதான் நடக்கும். ஆகையால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், கூரியர் செலவு யாருடையது, பணமாகத் தருவார்களா கூப்பனாகத் தருவார்களா என்பதை வாங்கும் முன்பே படித்துவிடு. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. அவர்கள் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு வரை போக நேர்ந்தாலும் விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கும் ராய்ப்பூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டுமே, அதற்காகத்தான் எழுத்தில் கேள் என்றும் வீடியோ எடு என்றும் சொன்னேன்.

முதலில் தேன்மொழிக்கு விலை குறைந்த ஒரு குர்த்தியை மட்டும் வாங்கிப் பார். அளவும் துணியும் சொன்னபடி வந்தால் அதே இடத்தில் மற்றவற்றை வாங்கு. வளைகாப்புக்கு முந்தைய வாரம் வரை பட்டைத் தள்ளிப்போடாதே, மாற்றி வாங்கவும் ஜாக்கெட் தைக்கவும் நாள் வேண்டும்.

புதுமண்டபத்துத் தையல் கடைகளும் மற்றக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதை உனக்கு எழுதினேனா என்று நினைவில்லை. நம் சிறுவயதுப் பாவாடைகளைத் தைத்துக் கொடுத்தவரின் மகன் இப்போது அங்கேதான் தைக்கிறார்; அவரும் வெளியூரிலிருந்து அளவு ஜாக்கெட்டைத் தபாலில் வாங்கித் தைத்து அனுப்புகிறாராம். நீ பார்த்து வைத்திருக்கும் பட்டின் படத்தையும், கீழே உள்ள துணி விவரத்தையும், தேன்மொழியின் அளவுத் தாளையும் பணம் கட்டும் முன் எனக்கு அனுப்பு. சுங்குடிகளை நானே நேரில் பார்த்து எடுத்து அனுப்பவும் தயார். சம்பந்தி வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று மட்டும் எழுது.

அண்ணனுக்கு என் வணக்கத்தையும், தேன்மொழிக்கும் மருமகளுக்கும் என் அன்பையும் சொல்.

உன் அன்புத் தோழி,
வேலம்மாள்