மந்திரவாதிக்கு அறிவு 16 இருந்தே ஆக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை அறிமுகம் செய்த கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஒரு விளையாட்டுக்குத் தமிழ் இதழில் இரண்டு பக்கம் கிடைத்ததில் பெரிய மகிழ்ச்சி. ஆனால், அந்தக் காலத்தில் வலிமை, அறிவு முதலிய திறன்களுக்கான மதிப்பெண்கள் போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகையைக் கட்டுப்படுத்தின, இப்போது யாரும் எதுவாகவும் ஆகலாம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்தது ஏறக்குறைய நேர்மாறானது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே வகைகள். ஆறு திறன்களுக்கும் தலா மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும், விழுந்ததுதான் கணக்கு. போர்வீரருக்கு வலிமையும் மந்திரவாதிக்கு அறிவும் மதகுருவுக்கு விவேகமும் முதன்மைத் திறன்கள். அவற்றால் வந்த முக்கிய மாற்றம், பாத்திரம் அடுத்த நிலைக்கு உயரச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளில்தான். 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் 10 சதவீதம் கூடும். 6 அல்லது அதற்குக் கீழே போனால் 20 சதவீதம் குறையும். வலிமை 7 உள்ளவர் வாள் வீசினாலும் 17 உள்ளவர் வீசினாலும் அடி விழும் வாய்ப்பு ஒன்று, சேதமும் ஒன்று. மெலிந்த போர்வீரர் சற்று மெதுவாக மேலே வருவார், அவ்வளவுதான். வலிமைக்கேற்ப அடியும் கூடும் என்ற விதி 1975இல் கிரேஹாக் துணைநூலோடுதான் நுழைந்தது.

கட்டுரையாளர் சொல்லும் கடுமையான வாசற்படி 1978இன் அட்வான்ஸ்ட் பதிப்பில் வந்தது. புனிதப் போர்வீரரான பாலடின் ஆக வசீகரம் 17 வேண்டும். மூன்று பகடைகளில் 17க்குக் குறையாமல் விழ 216இல் 4 வாய்ப்புகளே உண்டு. அடுத்த ஆண்டு வந்த, ஆட்டத்தை நடத்தும் நடத்துநருக்கான நூல், நான்கு பகடை உருட்டி மிகச் சிறியதைக் கழிக்கும் முறையைத் தந்து கொஞ்சம் தளர்த்தியது. பகடை கைவிட்டதால் ஆசைப்பட்ட பாத்திரத்தை இழப்பது கொடுமைதான். 2000இல் மூன்றாம் பதிப்பு அந்தக் குறைந்தபட்ச மதிப்பெண்களை நீக்கியது சரியான முடிவு.

அதே பதிப்புதான் இன்னொன்றையும் செய்தது. மதிப்பெண்ணிலிருந்து 10ஐக் கழித்துப் பாதியாக்கு என்ற ஒரே சூத்திரத்தை ஆறு திறன்களுக்கும் பொதுவாக்கி, கிடைக்கும் எண்ணை ஏறத்தாழ எல்லாப் பகடை வீச்சிலும் சேர்த்தது. அதன் விளைவை 2014 பதிப்பில் பாருங்கள். முதல் நிலை மந்திரவாதியின் அறிவு 16 என்றால், அவருடைய மந்திரத்தைத் தாங்க எதிரி 20 முகப் பகடையில் 13 எடுக்க வேண்டும். அறிவு 10 என்றால் 10 போதும். தனக்கென்று கூட்டல் எதுவும் இல்லாத எதிரி முதலாமவரிடம் 60 சதவீதம் சிக்குவான், இரண்டாமவரிடம் 45 சதவீதம்தான். முதலாமவர் நான்கு மந்திரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். இரண்டாமவருக்கு ஒன்றே ஒன்று! இப்படியிருக்க, சராசரி அறிவுள்ள மந்திரவாதியை யார் தேர்ந்தெடுப்பார்கள்? யாரும் தடுப்பதில்லை, ஆனாலும் எல்லா மேசைகளிலும் ஒரே மந்திரவாதி வந்து உட்காருகிறார்: அறிவு உச்சம், வலிமை 8.

2024 விதிகள் ஒரு பக்கம் ஆறுதல் தருகின்றன. தயார் மந்திரங்களின் எண்ணிக்கை இப்போது நிலையைப் பொறுத்தது, அறிவைப் பொறுத்தது அல்ல. மறுபக்கம், திறன் கூட்டல்கள் பாத்திரத்தின் முன்வாழ்க்கையோடு கட்டப்பட்டுவிட்டன. அறிஞராக வாழ்ந்தவர் அறிவைக் கூட்டிக்கொள்ளலாம். படைவீரராக வாழ்ந்தவருக்கு வலிமை, லாகவம், உடலுறுதி மட்டுமே. போரில் மனம் நொந்து மந்திரம் கற்க வந்த சிப்பாய் எவ்வளவு நல்ல பாத்திரம்! நடத்துநர் மனம் வைத்தால் மாற்றித் தரலாம். புத்தகத்தை மட்டும் நம்பி உட்காரும் புதியவர் அந்தச் சிப்பாயைக் கைவிட்டுவிடுவார் என்பதே என் வருத்தம்.

கைவிடவும் தேவையில்லை. திறன் மதிப்பெண்ணைக் கேட்காத மந்திரங்கள் ஏராளம். மேஜிக் மிஸைல் குறி தவறாது. எதிரியும் தடுத்துப் பகடை உருட்ட முடியாது. ஷீல்டு யார் போட்டாலும் தற்காப்பில் 5 கூடும். மதகுருவின் பிளெஸ் மூன்று தோழர்களின் வீச்சுகளில் ஆளுக்கொரு நான்கு முகப் பகடையைச் சேர்க்கும். அவருடைய விவேகம் 18ஆ 11ஆ என்று பார்க்காது. இத்தகைய மந்திரங்களைத் தேர்ந்துகொண்டால் சராசரி மதிப்பெண் உள்ளவரும் குழுவுக்குப் பயன்படுவார்.

பாத்திரம் உருவாக்குவது பற்றி அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். எந்த வகைக்கு எந்தத் திறன் என்ற அட்டவணையோடு நிறுத்திவிடாமல், அந்தத் திறன் குறைந்தால் எது கெடும், எது கெடாது என்பதையும் வகைக்கு நான்கு வரியாவது எழுதச் சொல்லுங்கள். குறிப்பாக, லாகவமும் விவேகமும் சேர்ந்தே தேவைப்படும் மாங்க் என்ற தற்காப்புக் கலைத் துறவி வகையைப் பற்றி. முதல் ஆட்டத்திலேயே அதை எடுத்துவிட்டுத் திணறுபவர்கள் அதிகம்.

அன்புடன்,
தங்கள் வாசகர்