எந்த வழியில் சொந்தம் என்று கேட்டவர்களுக்கும், அந்தச் சொந்தங்களுக்கும்

போன மாதம் எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்து வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல், அன்று இரண்டாவது பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட ஆறு பேருக்கும், வர முடியாமல் போன இன்னும் சிலருக்கும். "இவங்க எந்த வழியில சொந்தம்?" என்று என்னிடம் கேட்ட பெரியப்பாவும் இதைப் படிக்க வேண்டும். அன்றைய பரபரப்பில் "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை, பெரியப்பா.

என் மகளுக்கு ஏழு வயதில், 2013-ல், டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இனிப்பு தின்று வருகிற நோய் இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். அப்புறம் தினமும் ஊசிதான். எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன்! "சின்னதுல சாக்லேட் நிறைய கொடுத்தியா?" என்றுதான் திரும்பக் கேட்பார்கள். அப்படிக் கேட்காத மனிதர்களை முதன்முதலில் போனில், ஒரு குழுவில்தான் கண்டேன். இதே நோயுள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். அங்கே ஊர்தான் பெயர்: மன்னார்குடி அக்கா, அம்பத்தூர் அண்ணன், ஸ்கார்பரோ அம்மா.

ராத்திரி இரண்டு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் மெஷினில் ரத்தச் சர்க்கரை 48 என்று வரும். 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. பிள்ளையின் நைட்டி வியர்வையில் நனைந்திருக்கும், கை நடுங்கும். மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தை எப்படிக் கடப்பது? யாரை எழுப்புவது? ஸ்கார்பரோ இருக்கும் கனடாவின் டொரொண்டோவில் அப்போது பட்டப்பகல். ஸ்கார்பரோ அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "ஒண்டும் யோசியாதேங்கோ, நான் இருக்கிறன்" என்று எழுதுவார். எண் 90-ஐத் தாண்டும் வரை போகமாட்டார். ஒரு தடவை என் மகள் ஊசியே வேண்டாம் என்று அடம்பிடித்தபோது, இன்சுலின் கண்டுபிடித்ததே தன் ஊரில்தான் என்றும், 1922 ஜனவரியில் டொரொண்டோ மருத்துவமனையில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் போட்டார்கள் என்றும் அவளுக்குக் கதையாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவளே ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் ஜாபர்கான்பேட்டையில், கீழ்த்தளத்தில் இருந்தோம். ஒன்றாம் தேதி ராத்திரி அடையாறு வீட்டுக்குள் வந்துவிட்டது. பிரிஜ்ஜும் அதிலிருந்த இன்சுலினும் தண்ணீரில் போயின. கைப்பையில் பாதி தீர்ந்த இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசி) ஒன்றும், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகள் ஒன்பதும் மிச்சம். மாடி வீட்டில் ஒதுங்கியிருந்தபோது ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. குழுவில் நாலு வார்த்தை போட்டேன். போன் அணைந்துவிட்டது.

நாலாம் தேதி காலையில் வாசலில் ஒருவர் இடுப்பளவு ஈரத்தோடு நின்றார். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வந்த பிளாஸ்க்கில் இரண்டு பேனாக்கள், ஒரு டப்பா ஸ்ட்ரிப். "அம்பத்தூர்" என்றார். அதற்கு முன் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் மகனுக்கு வைத்திருந்ததில் சரிபாதி அது என்று பல மாதம் கழித்துத்தான், அதுவும் அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். அண்ணா, அன்று உங்களுக்கு ஒரு டீ போட்டுத்தரக்கூட எங்களிடம் அடுப்பு இல்லை. இன்றுவரை அது என் மனதை அறுக்கிறது.

மின்சாரம் வராத அந்த நாட்களில், மருந்து கெட்டுவிடுமோ என்று பதறிய என்னை, வெயில் படாமல் வைத்தால் நாலு வாரம் தாங்கும் என்று தேற்றியவர் மன்னார்குடி அக்கா. பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரத்துணி. இந்த ஏற்பாட்டைச் சொல்லித்தந்தவரும் அவர்தான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டு, அவர் வீட்டில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, அவர் மகனின் மருந்து அதே சட்டியில்தான் இருந்தது. அப்போது அம்பத்தூர் அண்ணனும் என் கணவரும் ஸ்ட்ரிப்பும் மெழுகுவத்தியும் கட்டிக்கொண்டு மன்னார்குடிக்கு பஸ் ஏறினார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு யாரோ மண்சட்டி கொண்டுவந்திருக்கிறார்களே என்று அத்தை கேட்டார்கள். அது மன்னார்குடி அக்கா கொண்டுவந்தது. சமையலறையில் பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பெரியப்பா, தை மாதம் மகளின் பிறந்தநாளுக்கு அவர்கள் மறுபடி வருகிறார்கள். நீங்களும் வாருங்கள், அக்காவின் பக்கத்தில் உங்களுக்கு இலை போடுகிறேன். ஸ்கார்பரோ அம்மா, மாடியில் கிழக்குப் பார்த்த அறை உங்களுக்கு. கட்டில் போட்டாயிற்று. டிக்கெட் எடுத்ததும் தேதி சொல்லுங்கோ, விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோருமே வருவோம்.