பாடசாலை நாடகத்துக்கு உதவ முன்வந்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, திரையும் ஒளியமைப்பும் கொண்ட நாடக மேடையொன்றை நமது பாடசாலைக்கு அமைத்துத் தர எண்ணியிருப்பதாக அதிபர் தெரிவித்தார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள நமது படுவான்கரைப் பிள்ளைகளின் நாடகத்துக்கென அவ்வளவு தொலைவில் பணம் சேர்க்கப்படுகிறது என்பதே எங்களுக்குப் பெரும் தெம்பு. எனினும் அந்தப் பணம் சீமெந்தாக மாறுவதற்கு முன்னர், நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் சிலவற்றை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

தரம் 6 முதல் சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு நாடகமும் பிள்ளைகள் தெரிவுசெய்யக்கூடிய அழகியற் பாடமாக இருக்கிறது. பாடவேளையில் வரலாற்றையும் கோட்பாட்டையும் படிப்பிக்கலாம். ஆடிப் பழகுவதற்கு அந்த நேரம் போதாது. ஆகவே பாடசாலை 1.30க்கு விட்ட பின்னரே வகுப்பறை மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகையைத் தொடங்குகிறோம். காலையில் உண்டதோடு நிற்கும் பிள்ளை, வடமோடிக் கூத்தில் ஒரு பாத்திரம் நுழையும் வரவுப் பாட்டுக்கு ஆடி முடிப்பதற்குள் மூச்சு வாங்கித் தூணைப் பிடித்துக்கொள்கிறது. தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் எதுவும் கேளாது. அப்போது தாளக்கட்டை மட்டும் ஆடிப் பார்ப்போம். பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு போய்ச்சேர வழியில்லாத பெண்பிள்ளைகள் ஒத்திகையின் நடுவே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சிலரைப் பெற்றோர் மறித்துவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நன்றாகப் பாடக்கூடிய பிள்ளை இப்படி விலகிப்போகும்போது, அந்தப் பாத்திரத்தையே பிரதியிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறது. ஒத்திகை நாட்களில் மதியச் சோறும், பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வானும் இருந்தால் இந்தத் தடைகளிற் பெரும்பாலானவை நீங்கிவிடும்.

அடுத்தது, கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பட்ட நமது கூத்துகளைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் ஏற்றினார். நம் மாவட்டத்தைச் சேர்ந்த, பின்னாளில் பேராசிரியரான மௌனகுரு அவர்களும் அன்று மாணவராக அதில் ஆடியவரே. கூத்துக்குப் படித்தவர் மத்தியில் மதிப்பு வந்தது அந்த முயற்சியால்தான், அதற்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் திரையும் விளக்கும் இல்லாவிட்டால் நாடகம் போட முடியாது என்ற எண்ணம் பாடசாலைகளில் ஊறிப்போனது நல்லதல்ல என்பது என் கருத்து. கூத்தாடும் வட்ட வெளியான நமது வட்டக்களரிக்குத் திரை தேவையில்லை. சுற்றிவரச் சனம் இருக்க, நடுவே மத்தளமும் சல்லரித் தாளமும் ஒலித்தால் போதும். களரியை நமது விளையாட்டு மைதானத்திலேயே போடலாம். அங்கே பிள்ளைகளை ஆட்டுவிக்கும் அண்ணாவியாரைத்தான் இன்று கண்டுபிடிப்பது கடினம். இருப்பவர்களும் முதியவர்கள், வயல் வேலையையோ கூலியையோ விட்டுவிட்டுத்தான் பாடசாலைக்கு வர வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்புவது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. அவர்கள் வரும் ஒவ்வொரு நாளுக்கும் உரிய கொடுப்பனவை நாம் கையில் வைக்க வேண்டும்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்த் தினப் போட்டிக்குப் போகும்போது வாடகை உடுப்புக்கும் ஒப்பனைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் செலவாகிறது. கல்வி வலயத்தில் வென்றால் மாகாணத்துக்குப் போகும் செலவை எண்ணிப் பெற்றோர் கலங்குகிறார்கள். அரச பாத்திரங்கள் அணியும், கூடைபோல் விரிந்த கரப்புடுப்பைப் பிள்ளைகளின் அளவுக்கு நாமே ஒருமுறை செய்து, கறையான் அரிக்காத இரும்பு அலுமாரியில் வைத்துக்கொண்டால் பல ஆண்டுகளுக்கு உதவும். இடங்கிடைக்காத ஆண்டில் வலயப் போட்டியோடு நாடகம் முடிந்துவிடுவது இதைவிடப் பெரிய இழப்பு. மாதக்கணக்காகப் பழகியதைப் பிள்ளைகள் நடுவர்களுக்கு முன் ஒரேயொரு தடவை ஆடுகிறார்கள், அவர்களின் தாய்மார் அதைக் காண்பதேயில்லை. அறுவடை முடிந்த காலத்தில் அயற்கிராமங்களின் கோயில் வெளிகளில் அதே நாடகத்தை ஆட ஒழுங்கு செய்யலாம். உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறார்கள், எரிபொருட் செலவைத்தான் நாம் ஏற்க வேண்டும்.

மேடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒதுங்க ஒரு மண்டபம் தேவைதான். அதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். சேர்த்த பணத்தை ஒரே தடவையில் செலவிடாமல், தவணைக்கு ஒரு பகுதியாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு அனுப்பி, சாப்பாடு, வான், அண்ணாவியார் கொடுப்பனவு ஆகியவற்றின் கணக்கைத் தவணை முடிவில் எங்களிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இதற்கு மறுப்பு எழக்கூடும். கட்டடத்தில் பெயர்ப் பலகை பதிக்கலாம், சோற்றுக்கு எங்கே பதிப்பது என்று எவரேனும் கேட்டால், அவரை அடுத்த விடுமுறையில் ஊருக்கு அழைத்து வந்து ஒரு நாள் ஒத்திகையில் இருத்துங்கள்.

பாத்திரங்களைப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் பிரதியைக் கையளிக்கும் சட்டங் கொடுப்பதை அடுத்த தவணையின் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ள அதிபர் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமைகளில் வருவதாக அண்ணாவியார் ஒருவரும் சொல்லியிருக்கிறார். உங்கள் சங்கத்தின் முடிவை அதற்கு முன்னர் அறியத் தந்தால், எத்தனை பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பாடசாலையின் நாடக ஆசிரியை