ரோசா லீ சொல்லிக்கொடுத்த கிட்டார்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. இவளுக்குக் கண் புரை ஆபரேஷன், அதில் நாள் ஓடிவிட்டது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், என் சட்டைக் காலர் அழுக்கு உட்பட.

நீ எழுதியதில் ஒரு வரி மனசை விட்டுப் போகவில்லை. முப்பது வருஷம் ஆர்கெஸ்ட்ரா வேனில் கோயில் கொடைக்குக் கொடை அலைந்ததில் பிள்ளைகள் வளர்ந்ததையே பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். உடனே எனக்கு அமெரிக்க கிட்டார்காரர் டாக் வாட்சன் ஞாபகம்தான் வந்தது. ஹாஸ்டலில் ஒரு கேசட்டைத் தேயத் தேயக் கேட்டோமே! "வாசிக்கிறது ஒரு ஆள் இல்லைடா, ரெண்டு பேர்" என்று பந்தயம் கட்டித் தோற்றாயே, அவர்தான்.

வட கரோலினாவில் டீப் கேப் என்ற மலையூர்க்காரர், 1923இல் பிறந்தவர். கைக்குழந்தையிலேயே கண்ணில் நோய் வந்து பார்வை போய்விட்டது. அப்பா அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. பாட்டி வீட்டுக் கிழட்டுப் பூனை செத்ததும் அதன் தோலைப் போர்த்தி பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஒன்று செய்து கொடுத்தார். (முகத்தைச் சுளிக்காதே, நம் மிருதங்கம் மட்டும் எதில் செய்கிறார்கள்?) பதினாலு வயதில் இருவர் இழுக்கிற மரம் அறுக்கும் ரம்பத்தின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். கண் இல்லாவிட்டால் கையும் இல்லை என்று ஆகிவிடாது என்பது அங்கேதான் தனக்கு விளங்கியது என்று டாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1947இல் ரோசா லீயைக் கட்டினார். மாமனார் கெய்தர் கார்ல்டன் நல்ல பிடில்காரர். பிள்ளைகள் இரண்டு. பியானோவுக்குச் சுருதி சேர்த்துக் குடும்பத்தை ஓட்டினார். பிறகு டென்னசியில் ஒரு நடனக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார். அந்தக் குழுவில் பிடில் கிடையாது, ஆனால் ஆட வருகிறவர்களுக்குப் பிடில் மெட்டு வேண்டும். சரி என்று அதையெல்லாம் கிட்டாரில் பிக் (தந்தியை மீட்டுகிற சின்ன வில்லை) வைத்தே பிடித்துவிட்டார். நம்மை ரெண்டு பேர் என்று ஏமாற்றிய வேகம் அப்படி வந்ததுதான்.

1963இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்த பிறகு அவருக்கும் உன் பிழைப்புதான், ஊர் ஊராகப் பயணம். 1964இல் மகன் மெர்லுக்குப் பதினைந்து வயது. அப்பா ஊரில் இல்லாத நேரத்தில் அம்மா ரோசா லீதான் அவனுக்கு கிட்டாரில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். டாக் திரும்பி வந்தால் பையன் வாசிக்கிறான்! அந்த வருஷமே மேடையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் இருபது வருஷம் வண்டி ஓட்டுவது, அப்பாவை மேடைக்குக் கூட்டிப் போவது, கூட வாசிப்பது எல்லாம் மெர்ல்தான்.

1985 அக்டோபரில் டிராக்டர் கவிழ்ந்து மெர்ல் போய்விட்டான். வயது முப்பத்தாறு. இனி கிட்டாரே வேண்டாம் என்றுதான் டாக் இருந்தார். அப்போது ஒரு கனவு. புதைமணலில் தான் அமிழ்ந்துகொண்டிருக்க, மெர்ல் கை நீட்டி இழுத்து, முடியும், வாப்பா என்கிறான். மறுபடி மேடை ஏறினார். 1988இலிருந்து வில்க்ஸ்போரோவில் மகன் பெயரில் 'மெர்ல்ஃபெஸ்ட்' என்ற இசை விழா நடக்கிறது. பேரன் ரிச்சர்டும் தாத்தாவோடு வாசித்தான்.

2012 மே மாதம், 89 வயதில் டாக் போனார். அந்த நவம்பரிலேயே ரோசா லீயும். பூன் நகரில் தெருவோர பெஞ்சில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி அவருக்குச் சிலை இருக்கிறது. 'மக்களில் ஒருவர்' என்று மட்டும் போடுங்கள் என்றாராம். கிராமி, ஜனாதிபதி கையால் பதக்கம் எதையும் எழுதச் சொல்லவில்லை.

அதிருக்கட்டும். நீ வெளியூர் போனால் சின்னவன் உன் பழைய கிட்டாரை எடுத்து வைத்துக்கொள்கிறான் என்று போன கடிதத்தில் எழுதினாயே, கோபமாக. அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டாயா? தங்கச்சி, அதான் உன் பெண்டாட்டி, கல்யாணத்துக்கு முன்னால் வீணை கற்றவள், ஞாபகம் இருக்கிறதா?

உன்,
ராமு