பின் இருக்கை இல்லாத வண்டி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒன்பது படங்களையும் பலமுறை பார்த்துவிட்டேன். வண்டி அழகாக இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1968ஆம் ஆண்டின் பாடி, அதைவிட முப்பது வயது இளைய எஞ்சின், அகலமான சக்கரங்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். உன் காரைக் கொடுத்துவிட்டு இதை மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். மூன்று வாரமாக நான் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் அல்ல. ஏழாவது படத்தில் பின் இருக்கையைக் காணோம். எடையைக் குறைப்பதற்காகக் கழற்றிவிட்டதாக விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று எழுதவில்லை.

முதலில் பிரேக்கைப் பார். பழைய வண்டியை மாடிஃபை செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது எஞ்சினில்தான். பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள், அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதே இல்லை. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்கே இருந்தால், நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். இருமடங்கு சக்தியுள்ள எஞ்சினை அதன் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான் இருந்தது. எங்கேனும் ஓர் இடத்தில் பிரேக் ஆயில் ஒழுகினால் நான்கும் ஒரே நேரத்தில் போய்விடும். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்துக்கொள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படு.

இப்போது உன்னிடம் இருக்கும் காரில் ஏர்பேக் இருக்கிறது, சட்டென்று பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது, மோதினால் தான் நசுங்கி உன்னைக் காக்கும் முன்பகுதி இருக்கிறது. மும்முனை சீட் பெல்ட்டை வோல்வோவில் நில்ஸ் போலின் 1959இலேயே கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் அதற்குப் பின் பல ஆண்டுகள் வரை எத்தனையோ வண்டிகள் பின் இருக்கையில் பெல்ட்டே இல்லாமல் வந்தன. இந்த வண்டியிலோ பெல்ட் மாட்ட இருக்கையே இல்லை. குழந்தை எங்கே உட்காருவான்? நீ தனியாக ஓட்டுவதற்கென்றே வாங்குகிறாய் என்றால் அதையாவது சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. பிரேக்கை மட்டும் பார் என்கிறேன்.

பத்து வயதில் பன்னிரண்டு-பதின்மூன்று ஸ்பேனர் என்று நான் வாயைத் திறப்பதற்குள் எடுத்து நீட்டியவள் நீ. கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாய். அதை நான் யாரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன் என்பது உன் அத்தைக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் இப்போது எஞ்சின் ஆயில் அளவைக்கூடப் பார்ப்பதில்லை என்று போன முறை சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பழைய வண்டியை வாரம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். அந்தக் குழாய் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் போகிறது. டயரில் பூ, அதாவது மேல் வரிப்பள்ளங்கள், நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே, அதன் வயதையும் பார். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படி: 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார். மாற்றங்கள் அத்தனையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்று கேள். பிரேக்கை மறந்துவிடாதே.

விற்பவர் நல்ல மனிதராகத் தெரிகிறார் என்று எழுதியிருக்கிறாய். நானும் நல்ல மனிதனாகத்தான் தெரிந்தேன்.

நம் நீல வண்டியை விற்பதற்கு முந்தின வாரம் உனக்கு நினைவிருக்கும். கதவுக்குக் கீழே பாடியில் துரு ஏறி விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. தகரம் வெட்டி வெல்டிங் வைத்திருக்க வேண்டும். நான் கம்பி வலையைத் திணித்து, மேலே பட்டி பூசினேன். நீ உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, விரல்நுனி வெளுத்துச் சுருங்கும்வரை தேய்த்தாய். வழவழப்பாக வந்துவிட்டதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாய். வண்டியை அழகுபடுத்துகிறோம் என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். வாங்க வந்த இளைஞர் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். துரு எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். அப்போது நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய்.

அன்றிரவு நீ எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மாதம் வீட்டு நிலைமை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதியிருந்தால் அந்தக் குழந்தைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் இருந்தது வெறும் பட்டிதான். அந்தக் குழந்தைக்கு இப்போது உன் வயதுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், இருந்தால். இத்தனை ஆண்டுகளில் அவர்களைத் தேடிப் போகாமல் இருந்துவிட்டேன். நீ என்னிடம் எதையும் முழுதாகச் சொல்லாமல் பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியதோ என்று சில நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நீ கேட்டதற்கு என் பதில் இது. உன் காரைக் கொடுத்து மாற்றிக்கொள்ளாதே. அதை வைத்துக்கொண்டு, பழைய வண்டியைத் தனியாக வாங்க முடிகிற நாளில் வாங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டு. இல்லை, இதுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாயானால் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போய், கதவுக்குக் கீழேயும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, அல்லது பட்டிக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. பின் இருக்கையையும் அதன் போல்ட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்றும் கேள். பார்க்கப் போகும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல், நான் வந்துவிடுகிறேன். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்க இன்னும் என்னால் முடியும். மற்ற எதையும் நீ சொல்ல விரும்பினால் சொல், இல்லாவிட்டால் டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்.

உன் அப்பா