கழுவுவதற்கு முன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எச்சிலில் வாழும் பாக்டீரியாவைக் கொண்டே ஆளை அடையாளம் காணலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் 29 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். வாயில் ஒற்றி எடுத்த பஞ்சை ஆட்டு ரத்தம் கலந்த அகாரில் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தேய்த்து, மெழுகுவர்த்தி ஏற்றிய ஜாடிக்குள் மூடி வைப்போம். மறுநாள் காலையில் குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள், சுற்றிலும் வெளிர்பச்சை வளையம். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வகை பாக்டீரியா. கண்ணுக்கு எல்லாருடையதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மரபணுவைப் படித்தால்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2012இல் அதைத்தான் பார்த்தார்கள். 16 பேரின் பற்களிலும் கடித்த தடங்களிலும் கிடைத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மரபணுவை ஒப்பிட்டதில், தடம் கடித்தவரின் பல்லோடுதான் அதிகம் ஒத்துப்போனது. எச்சில் நொதிகள் மனித டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், பாக்டீரியாவுக்குக் கெட்டியான செல்சுவர் உண்டு, தாக்குப்பிடிக்கும். ஆனாலும் 16 பேர்தானே! ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலே வாயில் கணக்கு மாறிவிடும். இதை மட்டும் நம்பி யாரையும் உள்ளே தள்ளக் கூடாது. பல் தடத்தின் வடிவத்தை நம்பி அமெரிக்காவில், அரிசோனாவின் ரே குரோனுக்கு மரண தண்டனையே விதித்தார்கள். கொலையான பெண்ணின் உடையிலிருந்த எச்சிலின் டி.என்.ஏ. வேறொருவனுடையது என்று தெரிந்து அவர் 2002இல் வெளியே வருவதற்குள் 10 வருடம் போய்விட்டது.

சரி, நான் எழுத வந்தது வேறு. சில வருடங்களுக்கு முன் சங்கிலி பறிக்க வந்தவன் எங்கள் தெருப் பெண் ஒருவரின் முன்கையைக் கடித்துவிட்டு ஓடினான். கேஷுவாலிட்டிக்கு நானும் துணைக்குப் போனேன். சிஸ்டர் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பீட்டாடின் தடவி, டி.டி. ஊசி போட்டார். மருத்துவப்படி அது சரிதான். மறுநாள் சாயங்காலம் போலீஸ்காரர் வந்து, "எச்சில் மாதிரி எடுத்தீர்களா?" என்று கேட்டார்.

கழுவுவதற்கு முன் ஒரு நிமிடம் போதும். ஈரப் பஞ்சுக்குச்சியைத் தடத்தின் மேல் உருட்டி, அப்புறம் உலர்ந்த குச்சியால் ஒற்றி, காய வைத்துக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவர் ஆகாது. ஈரத்தில் வேறு கிருமிகள் பெருகிவிடும். மற்றக் கையிலும் ஒரு மாதிரி எடுத்தால் ஒப்பிட உதவும். இதை ஒவ்வொரு கேஷுவாலிட்டியிலும் சுவரில் எழுதிப் போட அரசு உத்தரவிடலாம்.

அந்தப் பெண்ணின் கையில் ஆறு பல் பதிந்திருந்தது. என் கண்ணெதிரே தான் கழுவினார்கள். 29 வருடம் பஞ்சுக்குச்சி பிடித்த எனக்கும் அப்போது வாய் திறக்கத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.