ஆயாக் கொட்டகைக் கூரைக்கும் ஒரு வேனுக்கும் இன்னும் 41,350 வெள்ளி

பீடோங் வட்டாரத் தோட்ட மக்களுக்கும், இங்கே பிறந்து வெளியூர் போன பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அம்மன் அருளால் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நேராக விஷயத்துக்கு வருகிறோம். முற்றிய புற்றுநோயோடு வாழ்கிறவர்கள் வியாழன் தோறும் கூடும் கொட்டகைக்கும், அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வேனுக்கும் ஆகஸ்ட் 31-க்குள் எங்கள் கோயில் துணைக்குழுவுக்கு 41,350 வெள்ளி வேண்டும். வேன் விற்பவர் அதுவரைதான் காத்திருப்பேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டுவிட்டோம். கூரையும் காத்திருக்காது. செப்டம்பர், அக்டோபரில் கெடாவில் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். போன மழைக்கு ஒழுகிய இடங்களில் ஏழு வாளி வைத்தோம். எட்டாவது ஒழுக்குக்கு மைலோ டின்.

எந்தக் கூரை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் பழைய ஆயாக் கொட்டகைதான். விடிவதற்கு முன் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடிய அம்மாக்கள், தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டிக் கொண்டுவந்து ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போன அதே இடம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அந்தத் தரையில் தவழ்ந்தவர்கள். அது எந்த ஆண்டு கட்டியது என்பதில் பெரியவர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது, அதில் நாங்கள் தலையிடுவதாக இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) இடிந்து, எல்லாரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போன பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அது பூட்டியே கிடந்தது. இப்போது வியாழக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குத் திறக்கிறோம். வருகிறவர்கள் முற்றிய புற்றுநோயோடு வாழ்கிறவர்கள். போன வாரம் பதினாறு பேர்.

இது தொடங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் நம் தோட்டத்தில் மரம் வெட்டிய ஓர் அக்காவுக்கு மார்பில் கட்டி. வெட்கப்பட்டு ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தபோது அது எலும்பு வரைக்கும் போய்விட்டது. நாலாம் கட்டம். புருஷன் இல்லை, பிள்ளைகள் ஜொகூரில். முதல் கீமோவுக்குத் தெருவே வந்து பார்த்தது. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு வாசலில் செருப்பு இல்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். ஒருநாள் கோயில் பொருளாளரிடம் அவர் சொன்னாராம்: "அழ வராதீங்க அண்ணே. பசியாற வாங்க."

மறுவாரம் மூன்று பேர் இட்லியும் கோப்பியும் எடுத்துக்கொண்டு போனோம். நோயைப் பற்றி யாரும் பேசவில்லை. பழைய கங்காணி ஒருவரின் கஞ்சத்தனத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்த வாரம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு நுரையீரலில். இப்படித்தான் ஆரம்பம். திட்டம் தீட்டியவர் யாரும் இல்லை.

அந்த அக்கா சும்மா உட்கார்ந்து பரிதாபம் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. யாருக்காவது மறுநாள் முதல் கீமோ என்று தெரிந்தால் முதல்நாள் ராத்திரி அவரே போன் போட்டுவிடுவார். "ஏர்கோன் குளிரும், சுவெட்டர் எடுத்துக்கோ. வாயில போட்டுக்கப் புளிப்பு மிட்டாய் வெச்சுக்கோ. பயமா இருந்தா பயமா இருக்குன்னு நர்ஸ் மிஸ்ஸிகிட்டச் சொல்லு, அவங்க ஒண்ணும் திட்ட மாட்டாங்க." எந்த டாக்டரும் சொல்லாத விஷயம் அது. போன பங்குனியில் அவர் தவறினார். அந்தப் போன் வேலையை இப்போது குடல் புற்றுநோய் உள்ள ஒரு தம்பி பார்க்கிறார், முன்பு லாரி ஓட்டியவர். அவர் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், பழகிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மலேசியாவில் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோயில் பத்தில் ஆறுக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவருகிறது. வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். அதில் வெற்றிலை பாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. இதை எழுதும்போதே குழுவில் இரண்டு பேர் வாயில் வெற்றிலை இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

எங்களோடு இருக்கும் ஓய்வுபெற்ற மலாய் மிஸ்ஸி ஒருவர், நம் பெரியவர்கள் "தாதி அம்மா" என்று கூப்பிடுகிறவர், ஒரு விஷயம் சொன்னார். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு டாக்டர். முதலில் நர்ஸ், அப்புறம் சமூக சேவகி, அதற்கும் அப்புறம் படித்து டாக்டர் ஆனவர். முற்றிய நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள 1967-இல் அவர் தொடங்கிய இல்லத்திலிருந்துதான் இன்றைய நோய்த்தணிப்புச் சிகிச்சை, அதாவது வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை, வளர்ந்தது. வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும், குடும்பத்திலும், கடவுளிடம் கேட்கிற கேள்வியிலும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்பது அவர் கண்டது. நம் நாட்டில் 1991-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே வேலைக்கு ஹோஸ்பிஸ் மலேசியா என்ற அமைப்பு வந்தது. 1995-இல் கோத்தா கினபாலு குயின் எலிசபெத் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு திறந்தார்கள். தோட்டத்துக்குள் இதெல்லாம் வந்து சேரத்தான் நாளாகிறது.

மோர்பின் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அதனாலேயே நம் வீடுகளில் பலர் அநியாயத்துக்கு வலி தாங்கிக்கொண்டு கிடக்கிறார்கள். மோர்பின் கொடுத்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் குடித்தால் வலி அடங்கி மனிதர் எழுந்து உட்காருவார். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களை வைத்து அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தணிப்புச் சிகிச்சையை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டவர்கள் மன நிம்மதியோடு இருந்தார்கள், சில மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். "கைவிட்டதற்குப் பிறகு போகிற இடம்" என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. புற்றுநோய் ஒட்டாது. தனி டம்ளர், தனித் தட்டு வைத்த வீடுகள் நம் தாமானிலேயே இருக்கின்றன. வியாழக்கிழமை எல்லாரும் ஒரே ட்ரேயில் இருந்து எடுத்துத்தான் குடிக்கிறோம்.

சரி, கணக்கு. கூரைத் தகடு மாற்ற 14,800 வெள்ளி. கழிவறையைத் தரை மட்டத்துக்கு உயர்த்தி, உட்காரும் தொட்டி, கைப்பிடி, சக்கர நாற்காலிச் சரிவு எல்லாம் சேர்த்து 9,200. (இப்போது இருப்பது குந்தும் கழிவறை. முதுகெலும்பில் நோய் உள்ளவரைக் குந்தச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள்.) பழைய வேன் 38,000. அதில் சக்கர நாற்காலி ஏற்றும் பலகையும் இருக்கை வாரும் 4,500. முதல் ஆண்டு ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ் 2,100. வீடுகளுக்கு இரவல் கொடுக்க இரண்டு ஆஸ்பத்திரிக் கட்டில் 5,600, இரண்டு ஆக்சிஜன் இயந்திரம் 6,400. அப்புறம் பெட்ரோல், டோல், பசியாறல், மின்சாரம் என்று மாதம் 1,850, ஒரு வருஷத்துக்கு 22,200. மொத்தம் 102,800. கையில் இருப்பது 61,450.

வேன் எதற்கு என்று ஆண்டுக் கூட்டத்தில் ஓர் ஐயா கேட்டார், நியாயமான கேள்வி. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் ஆட்கள் பாலம் தாண்டிப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நிபுணரைப் பார்க்க அரசாங்க ஆஸ்பத்திரியில் 5 வெள்ளி. அங்கே போய்ச் சேர வாடகைக் காருக்கு 90 வெள்ளி, திரும்பி வர இன்னொரு 90. கதிர்வீச்சு என்றால் ஒருநாளோடு முடியாது. போன வருஷம் ஒருவர் வண்டிக்காசு இல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகுதான் எங்களிடம் சொன்னார். அந்த வெட்கம் அவருடையது இல்லை.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போனால் பாவம். லயத்தில் பிறந்து இன்று சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் தம்பி, மூன்று தவணையில் 3,000 வெள்ளி அனுப்பினார், அதில் ஒரு தவணை அவருடைய கலியாணச் செலவில் குறைத்தது என்று அவர் அம்மா சொல்லித்தான் தெரியும். மாதர் பிரிவுத் தங்கைகள் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று 4,260 வெள்ளி கொண்டுவந்தார்கள். எண்ணெய்க் கொப்புளம் காட்டாத கை அவர்களில் இல்லை. கடைத்தெரு சீனத் தவ்கே சிமெண்டும் பெயிண்டும் வாங்கிய விலைக்கே கொடுத்தார், லாரிக் கூலியும் கேட்கவில்லை. ரொட்டி சானாய்க் கடை மாமா கல்லாப் பக்கத்தில் வைத்த டின்னில் இதுவரை 1,117 வெள்ளி 40 சென். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் உண்டியல் உடைத்து 212 வெள்ளி, எல்லாம் சில்லறை, எண்ணவே ஒரு மாலை ஆனது. பெயர் வேண்டாம் என்று உறையில் 10,000 வெள்ளி வைத்துவிட்டுப் போன அந்தப் புண்ணியவான் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆத்தா அறிவாள். மிச்சத் தொகை கொடுத்த எல்லாருடைய பெயரும் கோயில் பலகையில் இருக்கிறது, எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்துச் சொல்லுங்கள்.

பலகையில் இல்லாத பெயர்களும் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி அறிவித்த தொகையில் 9,400 வெள்ளி இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், உரியவர்களுக்குத் தெரியும். போன திருவிழாவில் வாணவேடிக்கைக்கு மட்டும் 18,000 வெள்ளி சேர்ந்தது, அதுவும் பத்தே நாளில். அம்மனுக்குச் செய்ததைக் குறையாகச் சொல்லவில்லை. பதினைந்து நிமிஷ வெளிச்சத்துக்குப் பத்து நாளில் சேர்ந்த காசு, பக்கத்து வீட்டு மனிதரின் கூரைக்குப் பதினோரு மாதமாகச் சேரவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம்.

கொடுக்கத் தெரியாத ஊரா நம் ஊர்? 1947-இல் இதே பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் நடந்தது. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி முன்நின்ற தொண்டர் படை அது. கூலிக்காசு கள்ளில் கரைந்து பிள்ளைகள் பட்டினி கிடந்ததைப் பொறுக்காமல் தொழிலாளர்களே திரண்டார்கள், போலீசோடு மோதலும் வந்தது. தாத்தா அதில் இருந்தார் என்று சொல்லிக்கொள்ளாத வீடு இங்கே குறைவு. (எல்லாத் தாத்தாவும் இருந்திருந்தால் கெடா முழுக்கத் தொண்டர் படைதான்.) 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத்துக்குத் தோட்டம் போய்ப் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி என்ன காசு என்று வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்.

827 பேர் ஆளுக்கு 50 வெள்ளி கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள், முடியாதவர்கள் பத்து வெள்ளி கொடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் கியூஆரும் கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. ரொக்கம் என்றால் பொருளாளரிடம் மட்டும், கையோடு ரசீது வாங்காமல் நகராதீர்கள். நாங்கள் கோயில் நிர்வாகத்தின் கீழ் இருக்கும் துணைக்குழு. வருமான வரிக் கழிவுக்கான 44(6) அனுமதி எங்களிடம் இல்லை, அதை எதிர்பார்த்துப் பெரிய தொகை கொடுக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு மாதாமாதம் பலகையில் ஒட்டப்படும்.

காசு இல்லாமலும் ஓர் உதவி வேண்டும். எங்கள் பழைய கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) ஐயாவுக்கு 81 வயது, புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் இருக்கிறது. வியாழன் தோறும் படிவம் நான்கு மாணவர்கள் நாலு பேர் நோட்டோடு வந்து அவர் முன் உட்காருகிறார்கள். 1969-இல் பன்னிரண்டு லயத்தில், 96 வீட்டில், யார் யார் குடியிருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எத்தனை பிள்ளைகள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். "உடம்பு எப்படி இருக்கு ஐயா" என்று கேட்டால் கோபம் வரும். "எந்த வீடு வரைக்கும் வந்தோம்" என்று கேட்க வேண்டும். டாக்டரிடமே போன மாதம், "பன்னிரண்டாம் லயம் முடியட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் லயத்தின் கடைசி மூன்று வீட்டில் நின்றுபோயிருக்கிறது. சிவப்பு ஐசிக்காரர்களுக்கு (குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு) வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது ரஜூலா கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பங்கள் அவை என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது, பெயர்கள் வரமாட்டேன் என்கின்றன. அந்த வீட்டுக்காரர்களின் சொந்தமோ, பக்கத்து லயத்துக்காரர்களோ யாராவது இருந்தால் வியாழன் காலை பத்து மணிக்கு மேல் ஆயாக் கொட்டகைக்கு வாருங்கள். பழைய போட்டோ இருந்தால் எடுத்துவாருங்கள். பசியாறல் உண்டு. மழை பெய்தால் கிழக்குச் சுவரோரம் உட்காருங்கள், அங்கே ஒழுகாது.

இப்படிக்கு,
செயலாளரும் குழுவினரும்